வாத்தியார் ஆவதற்கு எங்கே படிப்பது?

“வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை” என்று ஒரு பழமொழி வெகு காலமாக வழங்கி வருகிறது. “அது அப்படியல்ல, வாக்குக் கற்றவனுக்கு வாத்தியார் வேலை என்பதுதான் நாளடைவில் இப்படித் திரிந்துவிட்டது” என்று தமிழறிந்த சிலர் சமாதானம் சொல்வதுண்டு. பழமொழி எப்படிப் பிறந்தது என்ற விவாதம் ஒரு புறம் இருக்கட்டும். இந்த இரண்டில் எதை ஒரு குடும்பம் நம்புகிறதோ, அதைப் பொறுத்தே அந்த வீட்டுப் பிள்ளை சேருகிற கல்லூரியும் அமைகிறது. வேறு கதியில்லாதவன் போகும் உத்தியோகம் என்று நினைத்தால் எந்தக் கல்லூரியானால் என்ன? ஒரு சர்டிபிகேட் கிடைத்தால் போதும். வாக்குக் கற்க வேண்டிய தொழில் என்று நினைத்தால், அந்த வாக்கை உண்மையாகக் கற்றுத் தரும் இடம் எது என்று அலைந்து திரிந்து விசாரித்தே ஆக வேண்டும்.

திருச்சி தில்லை நகர் பிரதான சாலையில் மே மாதத்து மாலை வேளையில் நடந்து போகிறவர்களின் கண்ணில் படுவது ஆஸ்பத்திரிப் பலகைகளும் பயிற்சி நிலையங்களின் பலகைகளும்தான். டாக்டர் ஆவதற்கு வழி, இன்ஜினீயர் ஆவதற்கு வழி, பாங்கியில் குமாஸ்தா ஆவதற்கு வழி என்று எல்லாவற்றுக்கும் பலகை உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் பயிற்சி தருகிறோம் என்ற பலகையும் இருக்கலாம். ஆனால் நல்ல ஆசிரியர் ஆக எங்கே படிக்க வேண்டும் என்று சொல்லும் பலகை ஒன்றைத் தேடிப் பார்த்தால் கிடைக்காது. அந்த விஷயம் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் பேசி முடிவு செய்யப்படுகிறது. பெரும்பாலும் தப்பாகவே முடிவு செய்யப்படுகிறது.

தில்லை நகர்க் குறுக்குத் தெருக்களில் ஒன்றில் அப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகப்பனார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். பெண் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். கணக்கில் நல்ல மார்க். “ஹைஸ்கூலில் கணக்கு டீச்சராக வேண்டும்” என்பது அவள் ஆசை. சேதி கேட்டு வந்த பெரியப்பா யோசனை சொல்கிறார்: “அதற்கென்ன, ஏதாவது ஒரு டிகிரியை வாங்கட்டும். அப்புறம் பி.எட்.டுக்குப் பணத்தைக் கட்டிவிட்டால் தீர்ந்தது. தினமும் போக வேண்டாம். பரீட்சைக்கு மட்டும் போய் எழுதினால் போதும். சர்டிபிகேட் தானாக வரும்.”

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருக்கும் தாத்தா, அந்தக் காலத்தில் சைதாப்பேட்டையில் பி.டி. படித்துத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இது பொறுக்கவில்லை. “ஏனப்பா, காவிரியில் காலை நனைக்காதவனிடம் பேத்தியை நீச்சல் கற்றுக்கொள்ள அனுப்புவாயா?” என்று கேட்கிறார். பெரியப்பாவிடம் பதில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் பெரியப்பாவின் யோசனைதான் வெகுவாகச் செல்லுபடியாகிறது. தாத்தாவின் கேள்வி திண்ணையோடு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கல்லூரி வாசல் வரையில் கொண்டு போக வேண்டும்.

பி.எட்.டுக்கு முன்பே தொடங்கும் தேர்வு

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியராவது பி.எட்.டில் சேரும்போது தீர்மானிக்கும் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பிளஸ் டூ முடிந்த கையோடு, பட்டப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதும்போதே முக்கால்வாசி தீர்ந்துவிடுகிறது. “ஏதாவது ஒரு டிகிரி” என்ற பெரியப்பாவின் வார்த்தையில் இருக்கும் முதல் ஆபத்து அதுதான்.

சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையில் பாடம் நடத்துகிறவர் பட்டதாரி ஆசிரியர். அந்த வேலை தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களில் பட்டம் பெற்றுப் பி.எட். முடித்தவர்களுக்கு உரியது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு வருகிறவர் முதுகலை ஆசிரியர். அவருக்கு அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். வணிகவியலும் பொருளாதாரமும் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில்தான் தனிப் பாடமாகத் தொடங்குகின்றன. ஆகவே அந்தப் பாடங்களில் வெறும் இளங்கலைப் பட்டத்தோடு பி.எட்.டில் சேர இங்கே இடமில்லை; முதுகலை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். இது தெரியாமல் பி.காம். முடித்துவிட்டுப் பி.எட். விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

இன்னொரு சிக்கல், பட்டத்தின் பெயர். இப்போது கல்லூரிகள் பழைய பாடங்களுக்குப் புதுப் புதுப் பெயர்களைச் சூட்டுகின்றன. பெயர் கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது, “இந்தப் பட்டம் கணிதப் பட்டத்துக்குச் சமமானதா? அதற்குச் சர்க்கார் உத்தரவு இருக்கிறதா?” என்ற கேள்வி எழுகிறது. உத்தரவு இல்லாவிட்டால் ஐந்து வருஷப் படிப்பு வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே ஆசிரியராக விரும்பும் பிள்ளை நேரான பெயருள்ள நேரான பட்டத்தில் சேருவதே புத்திசாலித்தனம். பள்ளிப் படிப்பைப் பிளஸ் டூ வரையில் முறையாக முடித்து, அதன்மேல் மூன்று வருஷப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இந்த விஷயத்தில் திருச்சிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1844-ல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-ல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி இருக்கிறது. தேசியக் கல்லூரி, ஹோலி கிராஸ், ஜமால் முகமது, சீதாலட்சுமி ராமசாமி, பிஷப் ஹீபர் என்று பெயர் பெற்ற கல்லூரிகள் இருக்கின்றன. சர்க்கார் நடத்தும் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரியும் இருக்கிறது. கணக்கும் விஞ்ஞானமும் சரித்திரமும் நல்லபடி கற்க, தில்லை நகர்ப் பிள்ளை ஒரு பஸ் ஏறினால் போதும். அடிப்படைப் பாடத்தில் பலம் இல்லாதவர் எத்தனை போதனா முறைகளைக் கற்றாலும் பிரயோஜனம் இல்லை. பத்தாம் வகுப்புப் பையன் கேட்கும் ஒரே ஒரு “ஏன் சார்?” அவரை மடக்கிவிடும். ஆகவே பட்டப் படிப்புக் கல்லூரியை நன்றாகத் தேர்ந்தெடுப்பதே ஆசிரியர் படிப்பின் முதல் பாகம்.

இரண்டு வழிகள்

இதற்கு அப்புறம் இரண்டு வழிகள் பிரிகின்றன. மூன்று வருஷம் பட்டம், பிறகு இரண்டு வருஷம் பி.எட். என்பது ஒரு வழி. முன்பு ஒரு வருஷமாக இருந்த பி.எட்., 2015 முதல் இரண்டு வருஷமாகிவிட்டது. ஆக மொத்தம் ஐந்து வருஷம். பட்டத்தையும் பயிற்சியையும் ஒன்றாகப் பிணைத்து நான்கு வருஷத்தில் முடிப்பது மற்றொரு வழி.

நான்கு வருஷப் படிப்பு ஏதோ நேற்று முளைத்த யோசனை அல்ல. 1963-ல் மத்திய சர்க்கார் ஆஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் வட்டாரக் கல்விக் கல்லூரிகளை ஆரம்பித்தபோதே இந்த முறை நடைமுறைக்கு வந்தது. தென்னாட்டுப் பிள்ளைகளுக்கு உரியது மைசூர். அங்கே கல்லூரி வளாகத்திலேயே ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. காலையில் கற்ற முறையை அடுத்த கட்டிடத்திலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். டாக்டர் படிப்புக்கு ஆஸ்பத்திரி எப்படியோ, ஆசிரியர் படிப்புக்குப் பள்ளிக்கூடம் அப்படி என்ற தத்துவத்தை அங்கே கட்டிடமாகவே எழுப்பியிருக்கிறார்கள். 2021-ல் மத்திய சர்க்கார் ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம் என்ற பெயரில் நான்கு வருஷப் படிப்புக்குப் புது உருவம் கொடுத்தது. பிளஸ் டூ முடித்தவர்கள் இதற்கென்று நடக்கும் தேசியப் பொது நுழைவுத் தேர்வை எழுதிச் சேர வேண்டும். திருச்சிக்கு அருகே துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி.யும் இந்தத் திட்டத்தில் பி.எஸ்சி., பி.எட். படிப்பை நடத்துகிறது. 1964-ல் இன்ஜினீயர்களை உருவாக்கத் தொடங்கிய ஸ்தாபனத்தில் இப்போது பள்ளி ஆசிரியர்களும் உருவாகிறார்கள் என்பது தில்லை நகர்ப் பெற்றோர் பலருக்குத் தெரியாத சேதி.

2030-க்குள் நான்கு வருஷப் படிப்பே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்பது 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையின் நோக்கம். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனக்கென ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டது. இந்த வாதப் பிரதிவாதங்களைக் கேட்டு மாணவர்கள் கலங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆசிரியராவதுதான் லட்சியம் என்று பதினேழு வயதிலேயே மனம் உறுதிப்பட்ட பிள்ளை, நுழைவுத் தேர்வை ஒரு கை பார்த்துவிடலாம். ஒரு வருஷம் மிச்சம்; பயிற்சியும் தொடர்ச்சியாகக் கிடைக்கும். ஆனால் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். மனம் இன்னும் ஊசலாடுகிற பிள்ளைக்கும், பாடத்தில் மேற்படிப்புப் படிக்க விரும்புகிற பிள்ளைக்கும் ஐந்து வருஷ வழியே ஏற்றது. அந்த வழியில் போகிறவன் மட்டம் என்றோ, நான்கு வருஷக்காரன் உசத்தி என்றோ கருத இடமில்லை. எந்த வழியானாலும் நடந்து போக வேண்டும் என்பதுதான் முக்கியம். நடக்காமலே போய்ச் சேரலாம் என்று சொல்லும் வழியில்தான் மோசம் இருக்கிறது.

வராமலே வாங்கும் பட்டம்

இங்கேதான் பெரியப்பாவின் யோசனையில் உள்ள இரண்டாவது ஆபத்து வருகிறது. “ரெகுலராக வர வேண்டாம்” என்பதையே விளம்பரமாக வைத்து மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன என்பது ஊரறிந்த ரகசியம். இது வெறும் வம்புப் பேச்சு அல்ல. ஆசிரியர் கல்வியைப் பற்றி ஆராய சுப்ரீம் கோர்ட் நியமித்த நீதிபதி வர்மா கமிஷன் 2012-ல் அறிக்கை கொடுத்தது. அதை எடுத்துக்காட்டி, தேசியக் கல்விக் கொள்கை ஒரு கடுமையான உண்மையைச் சொல்கிறது: நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனிப் பயிற்சிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை உண்மையான பயிற்சியைத் தர முயற்சிகூடச் செய்வதில்லை, பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்பதே அது.

சட்டம் என்ன சொல்கிறது? தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014-ம் வருஷத்து விதிகளைப் புரட்டினால், பெரியப்பா சொன்ன படிப்புக்கு அதில் இடமே இல்லை. வருஷத்துக்கு 200 நாள் கல்லூரி நடக்க வேண்டும். சேர்க்கையும் பரீட்சையும் இதில் சேராது. வகுப்பில் 80 சதவிகித வருகை கட்டாயம். பள்ளிக்கூடப் பயிற்சி இரண்டு வருஷத்திலுமாக 20 வாரம். அதில் 90 சதவிகித வருகை கட்டாயம். வருஷத்துக்கு நூறு பேராக இரண்டு வருஷத்துக்கும் இருநூறு பேர் படிக்கும் கல்லூரியில் முழுநேர ஆசிரியர்கள் 16 பேர் இருக்க வேண்டும். ஆகவே “வர வேண்டாம்” என்று சொல்லும் கல்லூரி மாணவனுக்குச் சலுகை காட்டவில்லை. அவன் பணம் கட்டி வாங்கிய பயிற்சியை அவனுக்குக் கொடுக்காமல், பொய்யான வருகைப் பதிவேட்டையும் அவன் தலையில் கட்டுகிறது.

அந்த 20 வாரத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? முதலில் கல்லூரியிலேயே சக மாணவர்கள் முன்னால் ஐந்தாறு நிமிஷம் மட்டும் பாடம் நடத்திப் பழக வேண்டும். நுண்ணிலைக் கற்பித்தல் என்று இதற்குப் பெயர். ஒரு நாள் கேள்வி கேட்கும் முறை. ஒரு நாள் கரும்பலகையில் எழுதும் முறை. ஒரு நாள் உதாரணம் சொல்லும் முறை. ஒவ்வொரு திறமையாகத் தனித்தனியே பழகுவது. அப்புறம்தான் நிஜமான பள்ளிக்கூடம். பாடக் குறிப்பு எழுதி, துணைக் கருவி தயார் செய்து, ஒன்பதாம் வகுப்பில் போய் நிற்க வேண்டும். கடைசி பெஞ்சியில் அந்தப் பள்ளியின் அனுபவமுள்ள ஆசிரியர் உட்கார்ந்து பார்ப்பார். மணி அடித்ததும், “பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள், பையன்களைப் பார்க்கவில்லை. முதல் வரிசையைத் தவிர யாரையும் கேள்வி கேட்கவில்லை” என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. வராமலே பட்டம் வாங்கினவர் அந்த வாக்கியத்தைக் கேட்காமலே நாற்பது குழந்தைகள் முன்னால் போய் நிற்கிறார். கற்றுக்கொள்ளும் காலத்தில் செய்ய வேண்டிய தப்புகளையெல்லாம் அவர் அந்தக் குழந்தைகளின் வருஷத்தில் செய்கிறார்.

பாடம் சொல்லும் முறையில் அப்படி என்ன அதிசயம் என்று கேட்பவர்கள், ராமேசுவரம் ஆரம்பப் பள்ளியில் நடந்த ஒரு விஷயத்தை நினைத்துப் பார்க்கலாம். பறவை எப்படிப் பறக்கிறது என்று சிவசுப்பிரமணிய அய்யர் என்ற ஆசிரியர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் புரியவில்லை என்றான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அய்யர் கோபிக்கவில்லை. அன்று மாலையே பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், பறக்கும் பறவைகளையே காட்டிப் பாடம் சொன்னார். புரியவில்லை என்ற அந்தப் பையன் பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்தார், ராக்கெட் விஞ்ஞானியானார், ஜனாதிபதியானார். அப்துல் கலாம் தம் வாழ்நாளெல்லாம் இந்தச் சம்பவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் “புரியவில்லை” என்று தைரியமாகச் சொல்லும்படி வகுப்பை வைத்துக்கொள்வதும், சொன்ன பிறகு வேறு வழியில் புரிய வைப்பதும்தான் போதனா முறை. பரீட்சைக்கு முந்தின வாரம் கைடு வாங்கிப் படித்தால் அது வந்துவிடாது.

“பரீட்சைதானே வேலை தருகிறது?”

பெரியப்பாவின் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. “வேலைக்கு எடுப்பது பி.எட். மார்க்கைப் பார்த்து அல்ல. தகுதித் தேர்வு என்று ஒன்று. அது முடிந்தால் நியமனத்துக்குப் போட்டித் தேர்வு என்று இன்னொன்று. அதற்குத் தயார் செய்வதை விட்டுவிட்டு, ரெக்கார்டு நோட்டுக்குப் படம் ஒட்டிக்கொண்டு இரண்டு வருஷத்தை ஏன் வீணாக்க வேண்டும்? அதற்குள் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தால் நாலு காசாவது வருமே” என்கிறார் அவர். சர்க்கார் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. சிறிய தனியார் பள்ளிகளில் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கையும் விட முடியாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் கஷ்டத்தை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது.

ஆனால் பரீட்சைக் கணக்கையே பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 2010-ல் அமலுக்கு வந்த பிறகு, தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. எழுதியவர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். தேறியவர்கள் 2,448 பேர். நேரம் போதவில்லை என்ற முறையீட்டில் உண்மை இருந்தது. அதனால் அதே வருஷம் அக்டோபரில் நேரத்தை மூன்று மணியாக்கி மறு தேர்வு வைத்தார்கள். அப்போதும் தேறியவர்கள் சுமார் 19,000 பேர்தான். எழுதியவர்கள் எல்லோரும் பயிற்சிச் சர்டிபிகேட்டுக்கு உரியவர்களே! கையில் காகிதம் இருந்தது. தேர்வு மண்டபத்தில் அந்தக் காகிதம் உதவவில்லை.

அந்தத் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மார்க். குழந்தை வளர்ச்சியும் போதனா முறையும் 30, தமிழ் போன்ற மொழிப் பாடம் 30, ஆங்கிலம் 30, பாடத்துக்கு 60. பாட அறிவு பட்டப் படிப்பிலிருந்து வர வேண்டும். குழந்தையின் மனத்தைப் பற்றிய அறிவு பி.எட். வகுப்பிலிருந்து வர வேண்டும். இரண்டையும் ஒழுங்காகப் படித்தவருக்குத் தேர்வு புதிய பூதம் அல்ல. கணக்குப் பட்டதாரி ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: அந்த 60 மார்க்கில் கணக்கும் விஞ்ஞானமும் சேர்ந்தே வரும். ஆகவே தில்லை நகர்ப் பெண் தன் பள்ளி விஞ்ஞானப் புத்தகங்களைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிடக் கூடாது.

“எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டால் போதும்” என்ற தைரியமும் இனிச் செல்லாது. 2025 செப்டம்பர் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களையும் தொட்டது. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. பல வருஷம் உழைத்தவர்களுக்கு இது கடினமானதுதான். அதைப் பற்றி வேறு அபிப்பிராயங்கள் இருக்கலாம். ஆனால் இனி இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அடித்தளம் போடாமல் கட்டின வீட்டுக்கு, குடி போன பிறகும் நிம்மதி இல்லை.

குடும்பக் கஷ்டத்தால் வேலையை விட முடியாதவர்களுக்கு நேர்மையான வழியே இல்லையா? தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியை முன்பே நேரில் முடித்து வேலை பார்ப்பவர்களுக்கு, திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தபால் மூலம் நடத்தும் பி.எட். இருக்கிறது. அதிலும் நேர்முக வகுப்புகளும் பள்ளிப் பயிற்சியும் உண்டு. அது சட்டம் அனுமதித்த வழி. வேலையில் இருந்துகொண்டே நேர்முகக் கல்லூரியில் பொய்யாக வருகை போட்டுக்கொள்வது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

கல்லூரியைப் பார்க்கும் விதம்

அப்படியானால் நல்ல பி.எட். கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் நாட வேண்டியவை சர்க்கார் கல்லூரிகளும் உதவி பெறும் கல்லூரிகளும். தமிழ்நாட்டில் சர்க்கார் கல்வியியல் கல்லூரிகள் ஏழு. உதவி பெறுபவை பதினான்கு. மார்க்கும் இட ஒதுக்கீடும் பார்த்து இடம் கொடுக்கிறார்கள், கட்டணம் குறைவு. 1856-ல் தொடங்கிய சைதாப்பேட்டைக் கல்லூரி இவற்றில் மூத்தது. பின்னாளில் ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்ற இடம் அது. திருச்சிக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் இல்லை. புதுக்கோட்டையில் ஒரு சர்க்கார் கல்லூரி இருக்கிறது. தஞ்சை ஜில்லா ஒரத்தநாட்டில் ஒன்று இருக்கிறது. இவற்றில் கிடைக்கும் இடத்தை, வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடுவது நஷ்டம்.

அங்கே இடம் கிடைக்காவிட்டால் சுயநிதிக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றிலும் மனச்சாட்சியோடு நடப்பவை உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரமும், 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு தகப்பனாரும் பிள்ளையும் ஒரு வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும். வகுப்பில் மாணவர்கள் இருக்கிறார்களா? பாடம் நடத்தும் ஆசிரியர் இருக்கிறாரா? நூல் நிலையத்துப் புத்தகங்களில் தூசி இருக்கிறதா, கை பட்ட அடையாளம் இருக்கிறதா? பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள்? அந்தப் பள்ளிக்கே போய், “உங்களிடம் வரும் பயிற்சி மாணவர்கள் தினமும் வருகிறார்களா?” என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். கட்டும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுப்பார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி: “எங்கள் பெண் தினமும் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?” “அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தால், மரியாதையாக எழுந்து வந்துவிட வேண்டும். “பரீட்சைக்கு அனுப்ப மாட்டோம்” என்று பதில் வந்தால் அங்கேயே விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளலாம். கண்டிப்பான கல்லூரிதான் இந்தப் படிப்பில் மலிவான கல்லூரி. மற்றதில் பணமும் போகும். இரண்டு வருஷமும் போகும்.

மணப்பெண்ணுக்கு நகை வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிற குடும்பங்கள், பிள்ளையின் முப்பது வருஷ உத்தியோகத்துக்கு ஒரு கல்லூரியைத் தேட ஒரு நாள் செலவிட யோசிப்பது ஆச்சரியமான விஷயம். முப்பது வருஷத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் முன்னால் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள்! அந்தப் பிள்ளைகளில் தில்லை நகர்ப் பிள்ளைகளும் உண்டு. வயலூர்ப் பிள்ளைகளும் உண்டு. பெரியப்பாவின் பேரப் பிள்ளைகளும் இருப்பார்கள். தங்கள் பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தர வருகிறவர் வராமலே பட்டம் வாங்கியவர் என்று தெரிந்தால் அவரே சம்மதிப்பாரா? அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் முதலில் சண்டை போடுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

குறுக்குத் தெரு வீட்டில் விவாதம் முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கணக்குப் பட்டத்துக்கு ஊரிலேயே விண்ணப்பம் போடுவது, அதோடு நான்கு வருஷப் படிப்பின் நுழைவுத் தேர்வைப் பற்றியும் விசாரிப்பது, எதில் சேர்ந்தாலும் ஒரு நாள்கூடப் பொய் வருகை போடுவதில்லை என்று முடிவாயிற்று. ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறக் கிளம்பிய தாத்தா, செருப்பை மாட்டிக்கொண்டே பேத்தியிடம் ஒரு வார்த்தை சொன்னார்: “அம்மா, முதல் நாள் வகுப்பில் கால் நடுங்கும். எனக்கும் நடுங்கியது. நல்ல காலேஜில் படித்தால், அந்த நடுக்கம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளக் கற்றுத் தருவார்கள்.”